பார்க்கின்சனில் ஏன் அந்தச் செல்கள் மட்டும் சாகின்றன? ஜீனோம் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க்கின்சன் நோயில் மூளையில் எதுதான் அழிகிறது?

நடுமூளையில் பக்கத்துக்கு ஒன்றாக சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, மூளையின் உள்ளே ஸ்ட்ரையேட்டம் என்ற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அசைவு தொடங்கவும் சீராக நடக்கவும் அந்த டோபமைன் வேண்டும். இந்தச் செல்களில் நியூரோமெலனின் என்ற கருநிறமி சேர்வதால், நலமாக இருந்த ஒருவரின் மூளையை அந்த இடத்தில் குறுக்கே வெட்டினால் வெறும் கண்ணுக்கே ஒரு கரிய பட்டை தெரியும். பார்க்கின்சன் முற்றியவரின் மூளையில் அந்தப் பட்டை வெளுத்திருக்கும்.

நோயின் அறிகுறிகளை ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் 1817இல் எழுதினார். அழிவது சப்ஸ்டான்ஷியா நைக்ராதான் என்று ட்ரெட்டியாகோஃப் என்ற ஆய்வாளர் காட்டியது 1919இல். ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வற்றிப்போகிறது என்று வியன்னாவில் ஹார்னிகிவிச் குழு அளந்து சொன்னது 1960இல். சாகும் செல்கள் எவை என்பது பழைய செய்தி. ஏன் அவை என்பதற்குத்தான் இன்னும் முழு விடை இல்லை.

வயதானால் மூளைச் செல்கள் குறையத்தானே செய்யும்? அது கொஞ்சம் வேகமாக நடப்பதுதானே பார்க்கின்சன்?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1991இல் லண்டனில் ஃபியர்ன்லி, லீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நிறமி கொண்ட செல்களை எண்ணிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. பார்க்கின்சன் மூளைகளில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் கீழடுக்கில், வெளிப்புற ஓரத்தில் சராசரியாக 91 சதவீதச் செல்கள் போயிருந்தன. மேலடுக்கில் போனது 56 சதவீதம். நோயில்லாதவர்களிடம் வயதால் வரும் இழப்பு இதற்கு நேர்மாறு. மேலடுக்கில் பத்தாண்டுக்கு 6.9 சதவீதம் குறைய, அந்த வெளிப்புறக் கீழடுக்கில் குறைவது 2.1 சதவீதம் மட்டுமே.

இந்த ஒரு எண்ணிக்கையே முதுமைதான் காரணம் என்று கைகழுவிவிட முடியாது என்பதற்குப் போதும். ஒரே பகுதி, ஒரே டோபமைன், ஒட்டி ஒட்டி நிற்கும் செல்கள். ஒன்று சாகிறது, மில்லிமீட்டர் தள்ளி நிற்பது பிழைக்கிறது. ஜீனோமை, அதாவது ஒருவரின் மொத்த டிஎன்ஏவை, ஆராயும் கருவிகள் இந்தத் துறைக்குள் வந்ததன் நியாயமே இந்த வேறுபாட்டை விளக்க முடியுமா என்று பார்ப்பதுதான். இதை விட்டுவிட்டு வெறும் ‘அபாய மரபணு’ப் பட்டியலாக இந்த ஆய்வுகளைப் படித்தால் பாதி விஷயம் கையைவிட்டுப் போய்விடும்.

அந்தச் செல்களுக்கு அப்படி என்ன பலவீனம்?

வேலைச்சுமை. இந்த வகை நரம்புச் செல் ஒன்றின் நாரை எல்லாக் கிளைகளோடும் சேர்த்து அளந்தால் மனிதரில் நான்கு மீட்டருக்கு மேல் வரும் என்றும், பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளை அது தாங்குகிறது என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. அதோடு, வெளியிலிருந்து தூண்டல் வராவிட்டாலும் இவை தாமாகவே துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியத்தை வெளியேற்ற ஆற்றல் செலவாகும். செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓய்வே இல்லை. டோபமைனும் முறையாக அடைத்து வைக்கப்படாவிட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து செல்லுக்கே நஞ்சாகும்.

சரி, இதெல்லாம் பக்கத்துச் செல்லுக்கும் ஓரளவு பொருந்துமே? பொருந்தும். அதனால்தான் இது மட்டும் விளக்கமாகப் போதவில்லை.

ஜீனோம் கருவிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. முதலாவது, ஒருவரின் டிஎன்ஏவில் எழுத்துகள் எங்கெல்லாம் மாறியிருக்கின்றன என்று படிப்பது. இரண்டாவது, ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இப்போது வேலை செய்கின்றன என்பதை அங்குள்ள ஆர்என்ஏவை வைத்து அறிவது. மூன்றாவது, வளர்ப்புச் செல்லில் ஒரு மரபணுவை வேண்டுமென்றே மாற்றி, என்ன ஆகிறது என்று பார்ப்பது. முதலாவது யாருக்கு நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதைச் சொல்லும். இரண்டாவது எந்தச் செல்லில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும். காரணம் எது என்று நெருங்கிப் பார்க்க மூன்றாவதுதான் உதவும்.

பார்க்கின்சன் பரம்பரை நோயா?

பெரும்பாலும் இல்லை. ஒரே மரபணுப் பிழையால் வரும் வகை மொத்தத்தில் சிறுபான்மை. பத்தில் ஒன்று என்ற அளவில்தான் வைத்துச் சொல்வார்கள். ஆனால் செல் எப்படிச் சாகிறது என்பதற்கான முதல் துப்புகள் அந்தச் சில குடும்பங்களிடமிருந்துதான் கிடைத்தன.

1997இல் ஒரு பெரிய இத்தாலியக் குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் எஸ்என்சிஏ என்ற மரபணுவில் ஓர் எழுத்துப்பிழை பிடிபட்டது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் ஆல்பா சைனுக்ளின். ஃப்ரெடெரிக் லெவி 1912இல் நோயாளிகளின் நரம்புச் செல்களுக்குள் பார்த்த உருண்டைகள் இதே புரதத்தால் ஆனவை என்பதும் அதே 1997இல் தெரிந்தது. குடும்ப நோயில் கிடைத்த மரபணுவும், பரம்பரை எதுவும் இல்லாதவரின் மூளையில் கிடந்த உருண்டையும் ஒரே புரதத்தில் வந்து நின்றன. 2003இல் இன்னொரு சான்று. ஒரு குடும்பத்தில் எஸ்என்சிஏ மரபணுவில் எழுத்துப்பிழையே இல்லை. பிரதிகள்தான் கூடியிருந்தன, இரண்டுக்குப் பதில் நான்கு. நோய் இளவயதிலேயே வந்து கடுமையாக இருந்தது. புரதம் பழுதாக வேண்டியதில்லை, அளவு மிஞ்சினாலே போதும் என்று இதிலிருந்து புரிந்தது.

அப்புறம் வரிசையாக வந்தன. 1998இல் பார்கின், 2004இல் பிங்க்1. பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அடையாளம் போட்டு அப்புறப்படுத்துவதில் இவை இரண்டும் கூட்டாளிகள். அதே 2004இல் எல்ஆர்ஆர்கே2. இதன் பிழையைச் சுமப்பவர்களில் பலருக்குக் கடைசிவரை நோய் வருவதே இல்லை. ஜிபிஏ1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால், செல்களில் கொழுப்புப் பொருள் தேங்கும் கோஷே என்ற பரம்பரை நோய் வரும். ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களுக்குப் பார்க்கின்சன் அபாயம் கூடுகிறது என்பதை 2009இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உறுதி செய்தார்கள். செல்லின் கழிவைச் சிதைக்கும் லைசோசோமில் வேலை செய்யும் நொதி அது. இத்தனை பெயர்களுக்கும் அடியில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு: ஆற்றல் தயாரிப்பு, கழிவு அகற்றல்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் எனக்கு வந்திருக்கிறது. அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் சிறு துளிகளாக. நோயுள்ள ஆயிரக்கணக்கானோரின் டிஎன்ஏவையும் இல்லாதவர்களுடையதையும் லட்சக்கணக்கான இடங்களில் ஒப்பிடும் முறைக்கு முழு ஜீனோம் தொடர்பாய்வு என்று பெயர். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று அப்படி 90 அபாயக் குறிகளை அடையாளம் கண்டது. தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலானவை அபாயத்தை மிகச் சிறிதளவே கூட்டுகின்றன.

இங்கே ஒரு சிக்கல். இந்தக் குறிகளில் பெரும்பாலானவை மரபணுவுக்குள்ளேயே இல்லை. மரபணுவை எப்போது, எந்தச் செல்லில், எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் இடைப்பகுதிகளில் இருக்கின்றன. ஆகவே ஒரு குறி கிடைத்தால் உடனே இரண்டு கேள்விகள் எழும்: அது எந்த மரபணுவைத் தொடுகிறது? எந்த வகைச் செல்லில்? இரண்டாவது கேள்விக்கு ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவை எவ்வளவு படித்தாலும் பதில் வராது. மூளைச் செல்லைத்தான் பார்க்க வேண்டும்.

மூளைத் திசுவை அரைத்து மொத்த ஆர்என்ஏவையும் அளந்தால் போதாதா?

பல ஆண்டுகள் அதைத்தான் செய்தார்கள். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து யார் தேறினார், யார் தவறினார் என்று சொல்ல முயல்வதைப் போன்றது அது. சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலேயே டோபமைன் செல்கள் சிறுபான்மைதான். நார்களுக்கு உறை போடும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளே அங்கு அதிகம். நோயாளியின் திசுவில் ஒரு மரபணுவின் அளவு குறைந்திருந்தால், செல்லுக்குள் அந்த மரபணு மந்தமானதா, அல்லது அந்தச் செல்லே இல்லாமல் போனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஒற்றைச் செல் ஆய்வை நடைமுறையில் எப்படிச் செய்கிறார்கள்?

இறந்தவர்களின் குடும்பம் ஒப்புதல் தந்து மூளை வங்கியில் உறையவைத்த நடுமூளைத் துண்டிலிருந்து தொடங்குகிறது. உறைந்த செல் முழுசாக வராது. பனிப்படிகங்கள் அதன் சவ்வைக் கிழித்துவிடும். உட்கரு மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எனவே மெல்லிய சீவல்களை மென்மையான டிடர்ஜென்ட் கரைசலில் போட்டு, மெதுவாகக் கலக்கி, வடிகட்டி, உட்கருக்களை மட்டும் பிரிக்கிறார்கள். டோபமைன் செல்கள் குறைவு என்பதால், அவற்றின் உட்கருவில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றுவார்கள். லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒளிர்வதைத் தனியே ஒதுக்குவது அடுத்த வேலை.

பிறகு எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளுக்குள் துளிக்கு ஓர் உட்கரு, பாசிமணி போன்ற ஒரு நுண்மணி என்று அடைபடும்படி செய்கிறார்கள். மணியின் மேல் அதற்கே உரிய டிஎன்ஏ பார்கோடு ஒட்டியிருக்கும். அந்த உட்கருவின் ஆர்என்ஏ எல்லாம் அந்தப் பார்கோடோடு நகலெடுக்கப்படும். கடைசியில் அத்தனையையும் ஒன்றாகக் கொட்டி வரிசைப்படுத்தினாலும், எந்த நகல் எந்த உட்கருவிலிருந்து வந்தது என்று கணினி பார்கோடைப் பார்த்துப் பிரித்துவிடும். சில துளிகளில் இரண்டு உட்கருக்கள் மாட்டிக்கொள்ளும். உடைந்த செல்லிலிருந்து கசிந்த ஆர்என்ஏ எல்லாத் துளிகளிலும் கொஞ்சம் கலந்திருக்கும். இவற்றைக் களைவதில்தான் ஆய்வாளர்களின் பொறுமை சோதிக்கப்படுகிறது. வெளியாகும் அழகான வண்ணப் புள்ளிப் படங்களில் அந்தப் பாடு தெரியாது.

அப்படிப் பார்த்ததில் என்ன கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தில் மக்காஸ்கோ குழு 2022இல் வெளியிட்ட ஆய்வைத்தான் முதலில் சொல்வேன். மொத்தம் 3,87,483 உட்கருக்களைப் படித்தார்கள். அவற்றில் 22,048 டோபமைன் நரம்புச் செல்களுடையவை. ஒரே வகை என்று நாம் பேசிக்கொண்டிருந்த டோபமைன் செல்கள் பத்து உள்வகைகளாகப் பிரிந்தன. அதில் ஏஜிடிஆர்1 என்ற மரபணுவை அடையாளமாகக் கொண்ட ஒரு வகைதான் பார்க்கின்சன் மூளைகளில் மிக அதிகமாகக் காணாமல் போயிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று திசுவில் இடம் பார்த்தபோது, கீழடுக்கு! 1991இல் நுண்ணோக்கியில் எண்ணிச் சொன்ன அதே அடுக்கு.

அதைவிட முக்கியம் அடுத்த முடிவு. தொடர்பாய்வுகள் கண்ட அபாயக் குறிகளை இந்த வகைகளின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். டோபமைன் வகைகளில், நோயில் அழியும் அதே வகையில் இயங்கும் மரபணுக்களைச் சுற்றித்தான் பரம்பரை அபாயம் கூடியிருந்தது. அதாவது, அந்தச் செல் சாவதற்கான காரணத்தில் ஒரு பங்கு அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் தாக்குதல் மட்டுமல்ல. டிஎன்ஏ சேதம் அடையும்போது செல்லை நிறுத்தவோ சாகவிடவோ செய்யும் பி53 புரதத்தின் கட்டளைக்கு உட்பட்ட மரபணுக்களும் இவற்றில் தூண்டப்பட்டிருந்தன.

செத்த செல்லை எப்படிப் படிக்க முடியும்?

முடியாது. இந்தத் துறையின் முடிவுகளைப் படிக்கும் எவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. நோயாளியின் மூளையிலிருந்து கருவிக்குள் போவது பிழைத்து நின்ற செல்கள் மட்டும். அவற்றில் ஒரு மரபணு கூடுதலாக இயங்கினால் அது சாவின் அறிகுறியாகவும் இருக்கலாம், சாகாமல் காத்த தற்காப்பாகவும் இருக்கலாம். இறந்தபின் ஒரே ஒரு தருணத்தில் எடுத்த படத்தை வைத்து எது முன்னால், எது பின்னால் என்று வரிசை கட்டுவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. நொந்துபோன செல் தன் அடையாள மரபணுவை இயக்குவதையே நிறுத்திவிட்டால், அது செத்ததாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் திசுச் சீவலில் சாயம் ஏற்றிக் கண்ணால் எண்ணும் பழைய முறையை யாரும் கைவிடவில்லை. மேலும், இந்தச் செல்லின் பெரும்பகுதி அதன் நார்தான்; அழிவு நார் முனையில் தொடங்குகிறது என்று கருதப் பல சான்றுகள் உள்ளன. உட்கருவை மட்டும் எடுத்துப் படிக்கும்போது நாரில் இருந்த ஆர்என்ஏ கணக்கிலேயே வராது.

அப்படியானால் எலியில் ஆரம்பத்திலிருந்து பார்க்கலாமே?

பார்க்கிறார்கள், ஆனால் எலி இந்த விஷயத்தில் அவ்வளவு ஒத்துழைப்பதில்லை. பார்கினையோ பிங்க்1ஐயோ முழுவதும் நீக்கினாலும் சுண்டெலியின் டோபமைன் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. மனிதரிடம் சேரும் அளவுக்கு நியூரோமெலனினும் அவற்றில் சேர்வதில்லை. 2019இல் பார்சிலோனாவில் ஒரு குழு எலிகளின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் அந்த நிறமியைச் செயற்கையாக உண்டாக்கியபோது செல்கள் சாகத் தொடங்கின. நிறமியே அளவுக்கு மிஞ்சினால் ஆபத்து என்பதற்கு அது நல்ல சான்று.

மனிதச் செல்லையே ஆய்வகத்தில் வளர்க்க முடியாதா?

முடியும். 2007இல் மனிதத் தோல் செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பும் வழி வந்தபின், நோயாளியின் செல்லிலிருந்தே டோபமைன் நரம்புச் செல்லை வளர்க்கிறார்கள். எஸ்என்சிஏ கூடுதல் பிரதி கொண்டவரின் செல்லில் அந்தப் புரதம் இரட்டிப்பாக இருப்பதை 2011இல் அப்படித்தான் பார்த்தார்கள். டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவி வந்தபின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஒரே செல்வரிசையில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, மாற்றாததோடு ஒப்பிடலாம். 2016இல் எஸ்என்சிஏவை இயக்கும் பகுதியிலுள்ள ஓர் அபாய எழுத்தை அப்படி மாற்றியபோது மரபணுவின் இயக்கம் சிறிதளவு மாறியது. சிறிதளவுதான்; ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகள் நீடித்தால்?

அதுதான் இதன் குறையும். குருத்தணு நிலைக்குத் திரும்பும்போது செல்லின் வயதும் அழிந்துவிடுகிறது. முதுமையில் வரும் நோயைச் சில மாத வயதுள்ள செல்லில் தேடுகிறோம்.

நரம்புச் செல் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. 2020இல் வந்த இரண்டு ஆய்வுகள் பார்க்கின்சன் அபாய மரபணுக்களை ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளோடும் தொடர்புபடுத்தின. இது யாரும் எதிர்பாராதது. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவிலும் எல்ஆர்ஆர்கே2 இயங்குகிறது. ஒரு பொதுவான அபாயக் குறி அந்த மரபணுவை மைக்ரோக்ளியாவில்தான் பாதிக்கிறது என்றும் காட்டியிருக்கிறார்கள்.

பிறந்த பிறகு செல்லுக்குள் டிஎன்ஏ மாறுமா?

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக இருக்கும் டிஎன்ஏ மாறும். 2006இல் சப்ஸ்டான்ஷியா நைக்ரா செல்களை லேசரால் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பார்த்ததில், முதியவர்களின் செல்களில் அந்த டிஎன்ஏ பிரதிகளில் ஏறக்குறைய பாதி, தம்மில் ஒரு துண்டை இழந்திருந்தன. பார்க்கின்சன் உள்ளவர்களிடம் அது இன்னும் சற்று அதிகம். ரத்தப் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாது.

இந்த ஆய்வுகள் எல்லா மக்களுக்கும் பொருந்துமா?

இதுவரையிலான தரவில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம். அதனால் எது தவறிப்போகிறது என்பதற்கு 2023இல் நைஜீரிய ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு கண்ணெதிர் உதாரணம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலாக இருக்கும், ஐரோப்பியரிடம் காணவே கிடைக்காத ஒரு ஜிபிஏ1 மாற்றத்தை அது கண்டது. ஒரு பிரதி இருந்தால் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு, இரண்டும் இருந்தால் மூன்றரை மடங்கு. அந்த மாற்றம் புரதத்தின் எழுத்தைத் தொடுவதே இல்லை. அதனால் வழக்கமான ஜிபிஏ1 பிழைப் பட்டியலை மட்டும் சரிபார்க்கும் பரிசோதனை அதைப் பார்க்காமலே கடந்துவிடும்.

நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

இளவயதில் நோய் தொடங்கியிருந்தால், அல்லது நெருங்கிய உறவினர் பலருக்கு இருந்தால், நரம்பியல் மருத்துவரிடமும் மரபணு ஆலோசகரிடமும் பேசிச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. நோயே இல்லாதவர் ஆர்வத்துக்காகச் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் கவலைதான். ஜிபிஏ1 பிழை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதில்லை. அது வராமல் தடுக்க இன்று நிரூபிக்கப்பட்ட மருந்தும் கிடையாது.

ஏஜிடிஆர்1 என்பது ரத்த அழுத்த மாத்திரை வேலை செய்யும் ஏற்பிதானே? அந்த மாத்திரை பார்க்கின்சனைத் தடுக்குமா?

ஆமாம், அதே ஏற்பிதான். ஆனால் ஒரு செல்வகையை அடையாளம் காட்டும் மரபணுவே அதன் சாவுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. தடுக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பார்க்கின்சனில் எழுந்து நின்றாலே ரத்த அழுத்தம் சரிவது பலருக்கும் உள்ள தொல்லை. மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொட்டால் தலைசுற்றி விழ வேண்டியிருக்கும்.

இதனால் சிகிச்சை ஏதாவது வந்திருக்கிறதா?

செல் இழப்பை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. எல்ஆர்ஆர்கே2ஐ அடக்கும் மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டன. ஜிபிஏ1 நொதிக்குக் கைகொடுக்கும் என்ற எண்ணத்தில் அம்ப்ராக்சால் என்ற பழைய சளி மருந்தையும் சோதிக்கிறார்கள். ஜிபிஏ1 பிழை உள்ள பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்த வெங்லுஸ்டாட் என்ற மருந்து பலன் தரவில்லை. மரபணு சரியாகக் காட்டிய வழியிலும் எந்தக் கட்டத்தில், எந்தச் செல்லில் தலையிடுவது என்பது தெரியாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மூளை தானம் செய்தால் உண்மையிலேயே பயன்படுமா? நோய் இல்லாதவருடையதும் வேண்டுமா?

இரண்டுமே வேண்டும். ஒப்பிட நோயில்லாத மூளை இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த எண்ணிக்கைக்கும் பொருளில்லை. அதுதான் எப்போதும் பற்றாக்குறை. நோயின் தொடக்கத்திலேயே வேறு காரணத்தால் இறந்தவர்களின் மூளை இன்னும் அரிது. கீழடுக்குச் செல்கள் அப்போதுதான் கணிசமாக மிச்சம் இருக்கும், சாகப்போகும் செல்லைச் சாகும் முன் பார்க்க அதுவே வாய்ப்பு. ஆர்என்ஏ சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் இறந்தபின் கூடிய சீக்கிரம் எடுத்தாக வேண்டும். ஆகவே பதிவு, குடும்பத்தின் ஒப்புதல், யாருக்குப் போன் செய்வது என்ற விவரம் எல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.